சத்தம் குடு

போட்டுவிட்டேன். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், இதற்கா இரண்டு வருடம் ஏங்கினேன் என்று சிரிப்பாகக்கூட இருக்கிறது. புதுத் தாழ்ப்பாள். அப்பா நேற்றுச் சாயங்காலம் டிப்போவிலிருந்து வருகிற வழியில் வாங்கி வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து திருகாணியை முடுக்கினார். பஸ்ஸுக்கு நட்டு முடுக்கிப் பழகிய கை, ஒரு குளியலறைத் தகரக் கதவுக்கு இவ்வளவு பலம் தேவையில்லை, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினார். முடித்துவிட்டு "போட்டுப் பாருத்தா" என்றார், என்னைப் பார்க்காமல் தாழ்ப்பாளைப் பார்த்து. அப்பா இரண்டு வருடமாக என் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எதையாவது பார்த்துத்தான் பேசுகிறார், என் தோளுக்குப் பின்னால் தொங்கும் காலண்டர், என் கையிலிருக்கிற தட்டு, இப்போது தாழ்ப்பாள். "நாளைக்குப் போட்டுக்குறேன்ப்பா" என்றேன். எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டுவதற்கு அது என்ன புது வளையலா. பழைய தாழ்ப்பாளை ஒரே உதையில் பெயர்த்ததும் அவர்தான். இன்றைக்குச் சரியாக இரண்டு வருடம், இதே குளியலறை, பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்தது, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தலையில் தண்ணீர் ஊற்றியது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் பார்த்தால் கூடத்தில் பாயில் கிடக்கிறேன், மேலே அம்மாவின் நைட்டி போர்த்தியிருக்கிறது, புருவத்தில் ரத்தம், வலது கையில் யாரோ இறுக்கித் திணித்த சாவிக்கொத்து. குளியலறைக்கும் பாய்க்கும் நடுவில் என்ன நடந்தது, கதவு உடைந்தபோது யார் யார் நின்றார்கள், நைட்டியைப் போர்த்தியது முதலிலா கடைசியிலா, இதையெல்லாம் நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் மணியே அடிக்காத செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். அதிலிருந்து கொஞ்சம் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த உதைக்கு அப்புறம் கதவில் நான்கு ஓட்டைகள்தான் இருந்தன. காலையில் கிழக்கு வெயில் அந்த நான்கு ஓட்டை வழியாக வந்து எதிர்ச் சுவரில் நான்கு பொட்டு வைக்கும். இன்றைக்கு ஓட்டைகளில் திருகாணி, சுவரில் பொட்டு இல்லை, இருட்டாக இருக்கிறது, லைட்டைப் போட்டும் இருட்டாக இருக்கிறது. வாளியில் பாதித் தண்ணீர். எப்போதும் பாதிதான், முழு வாளியில் முகம் குப்புற விழுந்தால் என்ன ஆகும் என்று அம்மாவிடம் டாக்டர் சொன்னதிலிருந்து. உட்கார ஒரு பிளாஸ்டிக் முக்காலி, நின்று குளிக்கக் கூடாது. சுவர்க் குழாயைச் சுற்றி அப்பா பழைய டயர் டியூபைக் கட்டியிருக்கிறார், தலை மோதினால் வலிக்காதாம். இத்தனைக்கும் மேலே சத்தம். "சத்தம் குடுத்துட்டே இரு" என்பாள் அம்மா, கதவுக்கு வெளியே நின்று. மூன்று கப் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கலாம், அதற்குள் என் சத்தம் கேட்டாக வேண்டும், கேட்கவில்லை என்றால் உள்ளே வந்துவிடுவாள், அதுதான் சட்டம். ஊரில் பெண்களெல்லாம் குளியலறையில் ஆசைக்குப் பாடுவார்கள், நான் உத்தரவுக்குப் பாடினேன். பாட்டு தீர்ந்ததும் வாய்ப்பாடு சொன்னேன், வாய்ப்பாடு அலுத்ததும் தனிம வரிசை அட்டவணை, ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், அதனால்தானோ என்னவோ வேதியியலில் நான்தான் முதல் மார்க். கடைசியில் எல்லாம் போய் ஒரே ஒரு சொல் மிச்சம். இருக்கேன். இரண்டு கப் ஊற்றுவேன், இருக்கேன். இரண்டு கப், இருக்கேன். போகப் போக அதில் எரிச்சல் ஏறிவிட்டது, ‘இருக்கேன்’ என்று நான் சொல்கிற தொனியைக் கேட்டால் யாரோ நான் இல்லை என்று சண்டை பிடித்தது மாதிரி இருக்கும். இன்றைக்குக் காலையில் துண்டை என் தோளில் போட்டுவிட்டு அம்மா சொன்னாள், "இன்னைக்கு சத்தம் குடுக்க வேணாம். தாப்பா போட்டுட்டு நிம்மதியாக் குளி. எட்டே காலுக்கு மதுரை வண்டி." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன், முக்காலியில் உட்கார்ந்தேன், உட்கார்ந்ததோடு சரி. நேற்றுப் போட்ட சுடிதார் அப்படியே உடம்பில் இருக்கிறது. வாளியிலிருந்து ஒவ்வொரு கப்பாக மொண்டு தரையில் ஊற்றிக்கொண்டிருக்கிறேன், குளிக்கிற சத்தம் கேட்கட்டும் என்று. சத்தம் குடுக்க வேண்டாம் என்று சொன்ன பிறகும் சத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், பழக்கம்.

பதினோரு மணிக்கு டாக்டர். டாக்டர் அம்மா நல்ல மாதிரிதான், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சிரிப்பார், ஆனால் கேள்வியெல்லாம் அம்மாவிடம். நல்லாத் தூங்குறாளா, நேரத்துக்குச் சாப்பிடுறாளா, நடுவுல ஏதாவது வந்துச்சா. நான் பக்கத்து ஸ்டூலில் இருப்பேன், எக்ஸ்ரே படம் மாதிரி. நடுவுல ஏதாவது வந்துச்சா என்பதற்கு அம்மா ஒவ்வொரு தடவையும் நெஞ்சில் கைவைத்து "ஆத்தா புண்ணியத்துல ஒண்ணும் இல்லங்க டாக்டர்" என்பாள். இன்றைக்கும் அதையே சொல்வாள். இரண்டு வருடம் வராமல் இருந்தால் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடலாம் என்று டாக்டர் போன தடவையே சொல்லிவிட்டார். மாத்திரையை நிறுத்தினால் நான் மறுபடி ஆளாகிவிடுவேன், எங்கள் வீட்டு அகராதிப்படி. கோயம்புத்தூரில் காலேஜ், ஹாஸ்டல், தனிக் கட்டில், தனித் தாழ்ப்பாள். "ரெண்டு வருஷம் முடியட்டும், எங்க வேணா படி" என்று அப்பா சொல்லியிருக்கிறார், காலண்டரைப் பார்த்து. அம்மா பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். மஞ்சள் புடவைகூட வாங்கிவிட்டாள், பீரோவில் என் பாவாடைகளுக்குக் கீழே இருக்கிறது, நேற்று நான் தொட்டுப் பார்த்தேன், கஞ்சி மொடமொடப்புப் போகாத புதுப் புடவை. கையில் நெருப்புச் சட்டியை ஏந்திக்கொண்டு தெருத் தெருவாக நடப்பாள், பொய்க்கு. ஏனென்றால் நடுவில் வந்தது. பதினோரு நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்து, பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வந்தது. எனக்கும் என் வகுப்புத் தோழி நிலோஃபருக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

ஒரு கப் ஊற்றுகிறேன். தண்ணீர் ஓடி மூலையில் சாக்கடை ஓட்டைக்குள் இறங்குகிறது. அன்றைக்கும் தண்ணீர்தான், குழாயைத் திறந்து பாட்டிலைப் பிடித்திருந்தேன், முதலில் வயிறு. பாலத்திலிருந்து பஸ் இறங்கும்போது ஆள் கீழே வந்துவிட வயிறு மட்டும் மேலேயே தங்கிவிடுமே, அது. அப்புறம் கருகல் வாசனை, எதுவோ அடியில் பிடித்துத் தீய்கிற வாசனை, என்னைத் தவிர யாருக்கும் வராத வாசனை. அடுத்தது பாட்டில் வழிந்து என் செருப்பெல்லாம் ஈரம், நிலோஃபர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அவள் உதடு வெளுத்திருக்கிறது, என் உள்ளங்கையில் அவளுடைய சைக்கிள் சாவி, பச்சை நூல் கட்டிய சின்னச் சாவி. விழவில்லை. தொட்டிச் சுவரில் சாய்ந்து நின்றபடியே போய்விட்டு வந்திருக்கிறேன். "அரை நிமிஷம் இருக்கும்டி. யாரும் பாக்கல" என்றாள். சாவியெல்லாம் சும்மா, இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்காது, ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரம் பார்த்தால் போதும் என்று அவளுக்கு நானே பத்துத் தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஏன்டி சாவியைக் கொடுத்தாய் என்றேன். "தெரியும்டி. கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்று அழுதாள். எல்லோருடைய கையும் அப்படித்தான், எனக்கு வலிப்பு வந்தால் சும்மா இருக்க முடியாத கைகள். ஒன்பதாம் வகுப்பில் கம்ப்யூட்டர் லேபில் முதன்முதலாக விழுந்தபோது லேப் சாவி, பியூன் அக்காவின் சாவி, யாரோ ஒரு டீச்சரின் ஸ்கூட்டர் சாவி என்று மூன்று சாவியைத் திணித்திருந்தார்கள், உள்ளங்கையில் பிறை மாதிரி வெட்டு, இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு மாதம், நான் கொஞ்சம் தலையைச் சாய்த்தால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து "சாவி வேணுமா" என்று குரல் வரும். அம்மாவை டாக்டர் திட்டினார், படித்துப் படித்துச் சொன்னார், அம்மா சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர் என்று தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே எனக்கு ஒரு இரும்புக் காப்பு வாங்கினாள். அவள் இடுப்பில் ஒன்பது சாவி தொங்குகிறது. எங்கள் வீட்டுக்கு ஒரே பூட்டுதான். மிச்ச எட்டும் எப்போதோ தொலைந்த பூட்டுகளின் சாவி, எனக்காக வைத்திருக்கிறாள். சாவிக்குப் பஞ்சமில்லாத வீட்டில் பூட்டிக்கொள்ள எனக்கு மட்டும் அனுமதி கிடையாது, இதை யோசித்து யோசித்துச் சிரித்திருக்கிறேன். இப்போது பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், சிரிப்பு வரவில்லை.

அரை நிமிடம். அரை நிமிடத்தைக் கணக்கில் சேர்க்கலாமா. பரீட்சையில் அரை மார்க்கை மேலே தூக்கிப் போடுவார்கள், இதைக் கீழே தள்ளிவிட முடியாதா. விழவில்லை, ரத்தம் இல்லை, பாவாடை நனையவில்லை, அதாவது தண்ணீரில் தவிர நனையவில்லை. அதுவுமில்லாமல் அது தானாக வரவில்லை, நான் வரவழைத்தது. முந்தின நாள் ராத்திரி மாத்திரையையும் அன்றைக்குக் காலை மாத்திரையையும் நான் போடவில்லை. மறந்து போய் இல்லை. முன்பெல்லாம் அம்மா மாத்திரை கொடுத்துவிட்டு "ஆ காட்டு" என்று நாக்குக்கு அடியில் எல்லாம் பார்ப்பாள், போன தீபாவளியிலிருந்து பார்ப்பதில்லை, என்னை நம்புகிறாள். அந்த நம்பிக்கையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு போய் வாஷ்பேசினில் துப்பினேன். ஏன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன். மாத்திரை போட்ட நாளெல்லாம் தலைக்குள் ஈரச் சாக்கு விரித்த மாதிரி இருக்கும், மாத்திரை இல்லாத நான் எப்படி இருப்பேன் என்று ஒரே ஒரு நாள் பார்க்கலாம் என்று ஆசை, அவ்வளவுதான். அந்த வியாழக்கிழமைக் காலை நன்றாகத்தான் இருந்தது, கரும்பலகை கிட்டத்தில் வந்த மாதிரி, டீச்சர் சொல்வதற்கு முன்னால் விடை தெரிந்தது, நிலோஃபர் சொன்ன உப்புச் சப்பில்லாத ஜோக்குக்குக்கூடக் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். பன்னிரண்டே முக்கால் வரைக்கும் நான் நானாக இருந்தேன். ஆக, மாத்திரை போடாததால் வந்தது, போட்டிருந்தால் வந்திருக்காது, அதனால் கணக்கில் சேராது. இப்படிப் பத்து நாள் எனக்கு நானே வக்கீலாக வாதாடி ஜெயித்தேன். நேற்று, அப்பா திருகாணி முடுக்கிக்கொண்டிருக்கும்போது, டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், அப்போதுதான் உறைத்தது. மாத்திரை போடாததால் வந்தது. இன்றைக்குப் பதினோரு மணிக்கு மாத்திரையை நிறுத்தத்தான் போகிறோம். இரண்டு வேளை நிறுத்தினதற்கே தொட்டியில் சாய வைத்த ஒன்று, முழுசாக நிறுத்தினால் என்னை எங்கே எப்படிச் சாய்க்கும். கோயம்புத்தூரில் நிலோஃபர் இல்லை. ஹாஸ்டல் கதவை அப்பா வந்து உதைக்க முடியாது. டார்ச் ஆடியது, "நேராப் பிடி ஆத்தா" என்றார் அப்பா, நேராகப் பிடித்தேன். டாக்டரே கண்டுபிடிக்காத விடை என் கையில் இருக்கிறது, சொன்னால் இரண்டு வருடம் போச்சு, தாழ்ப்பாள் போச்சு, மஞ்சள் புடவை போச்சு. சொல்லாவிட்டால் நான் போச்சு. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே உட்காருவது, முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நிலோஃபர் சொல்ல மாட்டாள், சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஆனால் சனிக்கிழமை ரெகார்டு நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நீ சொல்லலைன்னா நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்லணும். எனக்கு ராத்திரி தூக்கம் வரலடி" என்றாள். அவளுக்கும் தூக்கம் இல்லை. அம்மாவுக்கு இல்லை, அப்பாவுக்கு இல்லை, இப்போது நிலோஃபருக்கும் இல்லை, மாத்திரை போட்டுவிட்டு நான் ஒருத்திதான் தூங்குகிறேன். விழுவதற்கு எனக்குப் பயமில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். விழும்போது நான் அங்கே இருப்பதில்லையே, பயப்பட ஆள் வேண்டாமா. எழுந்திருக்கத்தான் பயம். கண்ணைத் திறந்தால் மேலே வட்டமாக முகங்கள், எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று எனக்கு மட்டும் தெரியாது, என் உடம்பு என்ன பண்ணியது என்று என்னைத் தவிர எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். காலைப் பிரார்த்தனையில் அறுநூறு பெண்கள் வெயிலில் நிற்பார்கள், வேப்பமரத்தடியில் ஒரே ஒரு நாற்காலி, அதில் நான். பி.டி. டீச்சர் நல்ல மனதோடுதான் போட்டார், மகாராணி மாதிரி உட்காரு என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தினமும் பதினைந்து நிமிடம் என் வயிற்றைக் காவல் காப்பேன். லேசாகத் தூக்குகிறதா, இது அதுவா, பயமா. பயந்தாலும் வயிறு அப்படித்தானே மேலே போகிறது. அது வருமோ என்று பயந்தால் வயிறு தூக்கும், வயிறு தூக்கினால் அது வருகிறது என்று பயம், பயந்தால் இன்னும் தூக்கும், இந்தச் செக்குச் சுற்றை யார் நிறுத்துவது. டாக்டர் ஒரே ஒரு தடவை கேட்டார், "எதுக்காவது ரொம்பப் பயப்படுறாளா?" என்று, அம்மாவிடம். "அதெல்லாம் இல்லங்க டாக்டர், எம்பொண்ணு தைரியசாலி" என்றாள் அம்மா பெருமையாக. தைரியசாலி பத்து நகத்தையும் கடித்துத் தின்ற கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு புன்னகை செய்தேன். இன்றைக்கும் அப்படியே செய்யலாம். ஒரு புன்னகை, ஒரு தலையாட்டல், முடிந்தது. அம்மா சொல்லப்போகிற பொய் அது, நான் சொல்லப்போவதில்லை, அவளுக்குப் பொய் என்று தெரியாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இன்னொரு கப். தண்ணீர் ஆறிவிட்டது. எவ்வளவு நேரம் ஆயிற்று. வீடு ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது, அப்பா ஆறு மணி ஷிஃப்டுக்குப் போய்விட்டார், அம்மா அடுப்படியில், ஆனால் பாத்திரச் சத்தம் இல்லை, ரேடியோ இல்லை. தாழ்ப்பாள் போட்டால் இப்படித்தான் இருக்குமா, தனியாக இருப்பது என்பது இதுதானா, இதைத்தான் ஹாஸ்டலில் மூன்று வருடம் வைத்துக்கொள்ளப் போகிறேனா. வயிறு. இல்லை, வயிறு ஒன்றுமில்லை, காலையில் சாப்பிடவில்லை, அதனால். இல்லை, தூக்குகிறது. லேசாகத்தான். இது அதுவா பயமா, இது அதுவா பயமா, ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம், சொல்ல முடிகிறது, சொல்ல முடிந்தால் அது இல்லை, போரான், கார்பன், வாசனை. வாசனை வருகிறது. கருகல். அடியில் பிடித்துத் தீய்கிறதே அது, அதே வாசனை, வந்துவிட்டது, மாத்திரை போட்டேனே, பத்து நாளாக ஒரு வேளை விடாமல் போட்டேனே, வந்துவிட்டது. எழுந்தேனா, எழுந்துவிட்டேன், முக்காலி சரிகிறது, தாழ்ப்பாளில் கை. ஈரக் கை. வழுக்குகிறது. இழுக்கிறேன், வரவில்லை. பஸ்ஸுக்கு முடுக்குகிற மாதிரி முடுக்கினீர்களே அப்பா, கதவையும் சட்டத்தையும் சேர்த்து நெரித்து முடுக்கியிருக்கிறீர்களே, போடும்போது டக்கென்று போனது, எடுக்கும்போது அசைய மாட்டேன் என்கிறது. சுடிதாரில் கையைத் துடைக்கிறேன், இழுக்கிறேன், விரல் வலிக்கிறது. இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது எனக்கு, வாசனைக்கு அப்புறம் இருபது நொடி இருக்குமா, குழாயில் டியூப் சுற்றியிருக்கிறது, வாளியில் பாதித் தண்ணீர்தான், உட்கார், கீழே உட்கார், உட்கார்ந்தால் விழ உயரம் இல்லை. ஈரத் தரையில் உட்கார்ந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். கண்ணை மூடவில்லை. நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், நியான். நியான் வந்துவிட்டது. சோடியம். இன்னும் இருக்கிறேன். வாசனையும் இருக்கிறது, போகவில்லை, வழக்கமாக இதற்குள் வாசனை போய் நானும் போயிருக்க வேண்டும். பொறு. மோந்து பார்க்கிறேன், நாய் மாதிரி. பால். இது பால். அடுப்பில் பால் பொங்கித் தீய்கிறது.

சிரிக்கலாமா அழலாமா என்று தெரியாமல் இரண்டும் சேர்ந்து மூக்கு வழியாக வருகிறது. என் வாழ்க்கையில் எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்ததே இல்லை, அம்மா அடுப்பில் பாலை வைத்தால் அதன் முன்னால் சிலை மாதிரி நிற்பாள், போன் வந்தாலும் எடுக்க மாட்டாள். பாலை விட்டுவிட்டு எங்கே போனாள். உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைக் குனிந்தேன். கதவின் அடித் தகரம் துருப்பிடித்து இரண்டு விரல் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் கால். இரண்டு கால், பக்கத்தில் பக்கத்தில், வெள்ளி மெட்டி, இடது பெருவிரலில் அருவாமனை விழுந்த பழைய தழும்பு. அடுப்படிக்குப் போகவே இல்லை. அல்லது போனவள், பாலை வைத்துவிட்டு, இரண்டு நிமிடம்கூட நிற்க முடியாமல் திரும்பி வந்துவிட்டாள். சாவிக்கொத்து சத்தம் கேட்கவில்லை, கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள், எனக்குக் கேட்டுவிடக் கூடாது என்று. சத்தம் குடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் சத்தத்துக்காக நிற்கிறாள். நான் உள்ளே குளிப்பது மாதிரித் தண்ணீர் ஊற்றுகிறேன், அவள் வெளியே சமைப்பது மாதிரி நிற்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தகரம்.

"அம்மா."

கால் விரல்கள் துள்ளி மடங்கின. "என்னத்தா? தண்ணி பத்தலையா?" என்றாள். அடுப்படியிலிருந்து பேசுவது மாதிரிக் குரலைத் தூக்கிப் பேசுகிறாள், ஒரு சாண் தூரத்தில் நின்றுகொண்டு.

"பால் தீயுது."

"அய்யய்யோ" என்று கால்கள் ஓடின. அடுப்பை அணைக்கிற சத்தம், கரித்துணி, பாத்திரம் தொட்டியில் விழுகிற சத்தம், எல்லாம் அவசரம் அவசரமாக. திரும்பி வந்துவிட்டன, அதே கால்கள், அதே இடம். இப்போது சொல்லாவிட்டால் பஸ்ஸில் சொல்ல முடியாது, பஸ்ஸில் அவள் முகம் பக்கத்தில் இருக்கும். டாக்டர் முன்னால் சொன்னால் அவள் நெஞ்சில் வைத்த கை அப்படியே நின்றுவிடும், அதை நான் பார்க்க வேண்டும். கதவு இருக்கும்போதே சொல்ல வேண்டும். இரண்டு வருடம் ஏங்கிய தாழ்ப்பாள், இந்த ஒன்றுக்காவது உதவட்டும். வயிறு தூக்குகிறது, தூக்கட்டும், இது பயம்தான், இதை எனக்குத் தெரியும்.

"அம்மா, அங்கயே நில்லு. நான் ஒண்ணு சொல்லணும். சொல்லி முடிக்கிற வரைக்கும் பேசாத."

"என்னத்தா, குளிச்சிட்டு வந்து..."

"வலிப்பு வந்துச்சும்மா."

அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் முதல் தடவையாக வருகிறது. தகரக் கதவில் பட்டு எனக்கே திரும்பக் கேட்டது. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும், அதனால் நிறுத்தவில்லை. "பதினோரு நாளைக்கு முன்னாடி, ஸ்கூல்ல, தண்ணித் தொட்டிகிட்ட. விழல. நிலோஃபர் பிடிச்சுக்கிட்டா. அவளத் திட்டாத, நான்தான் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்குனேன். முந்தின நாளும் அன்னைக்கும் மாத்திரை போடலம்மா, துப்பிட்டேன். டாக்டர்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொல்லாதம்மா. மாத்திரைய நிறுத்தக் கூடாது. நிறுத்துனா எனக்குப் பெருசா வரும். எனக்குப் பயமா இருக்கும்மா. தினமும் பயமா இருக்கு. நான் தைரியசாலி எல்லாம் இல்ல."

வெளியே ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தேன், கால் இரண்டும் அங்கேயே இருக்கின்றன, விரல்கூட அசையவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும். அழுதால்கூட நன்றாக இருக்கும், அழுகைக்குச் சத்தம் உண்டு. சாவிக்கொத்து தரையில் விழுந்தது, ஒன்பது சாவியும் ஒன்றாக, விழுந்ததை அவள் எடுக்கவில்லை. எடுக்காமல் ஏன் நிற்கிறாள். மூச்சு விடுகிற சத்தமாவது கேட்க வேண்டாமா. ஒரு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராமல் இருப்பது இப்படித்தான் இருக்குமா, இரண்டு வருடம், தினமும் காலையில், நான் வேண்டுமென்றே ஒரு கப் தாமதித்து ‘இருக்கேன்’ என்று எரிந்து விழுவேனே, அந்த ஒரு கப் நேரம் அவளுக்கு இப்படித்தான் இருந்ததா.

"அம்மா" என்றேன். "அம்மா, சத்தம் குடு."

கப்பை எடுத்து வாளியில் மொண்டு தரையில் ஊற்றினேன். ஒன்று. காதைத் தகரத்தில் வைத்துக்கொண்டேன், குளிர்ந்தது. மறுபடி மொண்டு ஊற்றினேன். இரண்டு. வாளியில் அடித் தண்ணீர்தான் இருக்கிறது. வாளியைச் சாய்த்து மூன்றாவதை மொண்டேன், பாதிக் கப்தான் வந்தது, அதை ஊற்றாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

"இருக்கேன்" என்றாள் அம்மா.